கடைசல் பட்டறையில் நான் சொன்ன பொய்கள்

சுற்றுலா வழிகாட்டி என்பவன் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி அவர்கள் எதிரிலேயே பேசிச் சம்பளம் வாங்குகிறவன். நான் ஆறு வருஷம் அந்தச் சம்பளம் வாங்கினேன். பெயர் ஆண்டனி, வீடு லிங்கராஜபுரம். கால் சென்டரில் கற்ற இங்கிலீஷ், தெருவில் கற்ற கன்னடம், வீட்டில் பேசுகிற தமிழ் என்று மூன்றும் கைவசம் இருந்ததால் பெங்களூரில் ஒரு சின்ன டூர் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மைசூர் ரோட்டில் போவோம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பழைய ஊர் வரும். மரத்தைக் கடைந்து, அரக்கில் நிறம் ஏற்றி, பொம்மை செய்கிற ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னால் அந்த ஊர்க்காரர்கள் பட்டது போதும்.

சேல்ஸ், ரிசப்ஷன், கஸ்டமர் கேர் என்று பேசிப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் அங்கங்கே நெளிவார்கள் என்று நினைக்கிறேன். நானும் நெளிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஏழு தலைமுறை

முதல் நாள் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. மேனேஜர் பிரசாத் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாங்கள் போய் நின்றது ரத்னம்மாவின் பட்டறை. ஷீட் போட்ட நீளமான அறை, ஜன்னல் ஓரமாக மூன்று கடைசல் மெஷின். ரத்னம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருக்க, சுழல்கிற கட்டையின்மேல் மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்திருந்தார். உரசுகிற சூட்டில் அரக்கு இளகிக் கட்டை முழுக்க மஞ்சள் பரவியது. அதன்மேல் தாழை மடலை வைத்து ஒரு தேய் தேய்த்ததும் கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. வந்தவர்களுக்கு அதைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. ஆனால் சும்மா பார்க்கவிட்டால் கைடு எதற்கு? நான் அவர் தலைக்கு மேலே கையை நீட்டி, இது ஏழு தலைமுறையாக இந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் ஓடுகிற கலை என்றேன். பேப்பரில் இருந்தது அவ்வளவுதான். மாமியார் மருமகளுக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பது என்பதை நானே சேர்த்தேன்.

குழு கடைப்பக்கம் நகர்ந்ததும் அவருக்குக் கன்னடத்தில் நன்றி சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார். பிறந்தது பெங்களூர் ஒக்கலிபுரத்தில், தமிழ்க் குடும்பம், ரயில்வே லைன் ஓரத்து வீடு. கல்யாணமாகி வந்ததுதான் இந்த ஊர். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார். பெண்களுக்கென்று அரசாங்கம் நடத்திய பயிற்சியில் சேர்ந்து, இருபத்தாறு வயதில்தான் உளியையே பார்த்திருக்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நோட்டில் தப்பைத் திருத்துகிற டீச்சர் மாதிரி கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏழு ஜெனரேஷன்னு சொன்னது எனக்குப் புரிஞ்சிது சார். எங்க மாமியாருக்கு இந்த உளிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது."

கரண்ட்

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்கலாம். ஆனால் வந்தவர்களுக்கு அந்த ஏழு தலைமுறை அவ்வளவு பிடித்திருந்தது. ஒருமுறை வெளிநாட்டு அம்மா ஒருவர் ரத்னம்மாவின் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, வேலை செய்யும்போது உங்கள் மனதில் என்ன ஓடும் என்று கேட்டார். குழுவின் எதிரில் ரத்னம்மா என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார். பக்கத்து மெஷின் பெண்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. அவர் யோசித்து உண்மையைச் சொன்னார். கரண்ட் எப்போது போகும், போவதற்குள் இந்தப் பெட்டியை முடிக்க முடியுமா என்று நினைப்பேன், அப்புறம் முதுகு வலியைப் பற்றி நினைப்பேன், அவ்வளவுதான்.

நான் இங்கிலீஷில் சொன்னது: "வேலை செய்யும்போது என் முன்னோர்கள் என் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரத்னம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கரண்டுக்காக எதற்கு இவ்வளவு அழுகிறார் என்று ரத்னம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பி வரும்போது எனக்குப் பின் சீட்டில் நரைத்த முடியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். கெங்கேரி தாண்டியதும் என் தோளைத் தட்டி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நான் மைசூர்ல பத்து வருஷம் டீச்சரா இருந்தவ. அந்தம்மா முன்னோர்களைப் பத்தி எதுவும் சொல்லல."

பருத்திப் புடவை

கம்பெனி வெப்சைட்டுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பிரசாத் ஒரு பட்டியல் கொடுத்தார். மெஷின் தெரியக்கூடாது, செல்போன் தெரியக்கூடாது, பிளாஸ்டிக் நாற்காலி தெரியக்கூடாது, அம்மா நைட்டிமேல் சட்டை போட்டிருக்கக்கூடாது. பக்கத்து அறையில் அரக்குக் குச்சி செய்து கொடுக்கிற இம்தியாஸ் பாயிடம் அவர் அப்பா காலத்துக் கைக்கடைசல் ஒன்று பரணில் கிடந்தது. வில்லை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டையைச் சுற்றுகிற பழைய சாமான். அதைக் கீழே இறக்கித் துடைத்தோம். இம்தியாஸ் பாய் எனக்காக அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம்.

ரத்னம்மாவுக்காக என் மனைவியின் பருத்திப் புடவை ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். மெஷினில் தலைப்பு சிக்கினால் கையே போய்விடும் என்பதால்தான் அவர் நைட்டியும் சட்டையும் போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டினேன். மெஷினை அணைத்துவிட்டுத்தானே படம் எடுக்கப் போகிறோம் என்றேன். அவர் புடவையை வாங்கி, துணி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அழகாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "சார், நீங்க கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போய், அங்க இருக்கிறவங்களப் பஞ்சகச்சம் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுவீங்களா?"

பிங்க்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். இனிமேல் சொல்லப் போவதை நான் என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு குழுவில் மிருணாள் என்று ஒரு பெண் வந்தார். சொந்த ஊர் பூனா, வைட்ஃபீல்டில் வேலை. கணவர் நெஞ்சில் தொட்டில்பை கட்டி எட்டு மாதக் குழந்தையைச் சுமந்திருந்தார். பல் முளைக்கிற குழந்தை. கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ரத்னம்மாவின் அலமாரியில் கிலுகிலுப்பைகள் வரிசையாக இருந்தன. மஞ்சள், நீலம், சிவப்பு, எல்லாம் செடியிலிருந்து எடுத்த சாயம். ஓரத்தில் நாலைந்து மட்டும் பளீரென்று பிங்க். சிட்டியில் ஒரு கடைக்காரர் ஷோகேஸில் வைக்க அந்த நிறம்தான் வேண்டும் என்று கேட்டதால், கடையில் விற்கிற பவுடரை அரக்கில் கலந்து செய்தது. மிருணாளுக்கு அந்த பிங்க் பிடித்துவிட்டது. குழந்தை வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாதே என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். ரத்னம்மா மெஷினை நிறுத்திவிட்டே பதில் சொன்னார். மஞ்சளும் நீலமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிங்க் ஷோவுக்கு வைக்கிறது, வாயில் வைக்க வேண்டாம். தெளிவாக, நிதானமாகச் சொன்னார். எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். இங்கே எல்லாமே இயற்கைச் சாயம் என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். இப்போது எப்படி மாற்றுவது? "எல்லாமே செடி கொடியிலிருந்து வந்ததுதான், பயப்படாமல் கொடுங்கள் என்கிறார்," என்றேன். மிருணாள் இரண்டு பிங்க் கிலுகிலுப்பைகளை எடுத்துக்கொண்டார். அப்போதுகூட ரத்னம்மாவுக்குச் சந்தேகம் வந்து என்னைக் கேட்டார்: "சொல்லிட்டீங்கல்ல சார்? பிங்க்க ஷோவுக்குத்தானே வாங்குறாங்க?" நான் தலையாட்டினேன். அவர் அதை நம்பி, கிலுகிலுப்பைகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மிருணாள் கேட்டபடி ரத்னம்மாவின் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து நான்தான் போட்டோவும் எடுத்தேன். மிருணாள் அவரைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "கடையில விக்கிற எதையும் நம்ப முடியல. உங்களை நம்பி வாங்குறேன்."

இரண்டு நிமிஷ வீடியோ

அக்டோபரில் ஒரு மத்தியானம் பிரசாத் தன் போனை என் முன்னால் நீட்டினார். வீடியோவில் மிருணாள். குழந்தையின் உதடெல்லாம் பிங்க், வாயைச் சுற்றித் தடிப்பு. இரண்டு முறை வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அந்தப் பொம்மையைத் தூக்கிப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது செடிச் சாயமே இல்லை, பாரம்பரியம் என்ற பெயரில் பச்சைக் குழந்தைக்கு விஷத்தைக் கொடுக்கிறார்கள் என்று மிருணாள் அழுதுகொண்டே சொன்னார். அடுத்து நான் எடுத்த போட்டோ வந்தது. ரத்னம்மா கையில் கிலுகிலுப்பையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஆயிரக்கணக்கில் வசவு. ஒருவன் அவரைக் கொலைகாரி என்று எழுதியிருந்தான்.

  நடந்ததைப் பிரசாத்திடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, வீடியோவை மறுபடி ஒருமுறை முழுக்கப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. முடிந்ததும் மூச்சை விட்டார். "நம்ம கம்பெனி பேரு எங்கயும் வரல. நீயும் வரல. வாயத் தொறக்காம வேலையப் பாரு."

ஒரு போன்

திறக்கவில்லை. பதினோரு நாள். அதற்குள் சிட்டிக் கடைக்காரர் ரத்னம்மாவின் சரக்கையெல்லாம் அட்டைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார், மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து. பக்கத்து மெஷின் பெண்கள் இரண்டு பேரும் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். ரத்னம்மாவின் மகள் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். அங்கே யாரோ, உங்க அம்மாவா இது என்று போனைக் காட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு இம்தியாஸ் பாய் மூலம் தெரிந்தது. டூரை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டோம். நான் அந்தத் தெருவைத் தாண்டும்போது வேனில் எதிர்ப்பக்கத்து ஜன்னலைக் காட்டிப் பேசுவேன்.

பன்னிரண்டாம் நாள் ரத்னம்மாவே போன் செய்தார். குசலம் விசாரித்தார். என் அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் அவர்களிடம் சொன்னீர்கள்தானே என்று கேட்டார். அவர் குரலில் சந்தேகமே இல்லை. தன்மேல்தான் ஏதோ தப்பு, சரியாகச் சொல்லாமல் விட்டோமோ என்று அவருக்குப் பயம். உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. "சொன்னேன் அக்கா. அவங்கதான் மறந்திருப்பாங்க," என்றேன்.  அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "சரி விடுங்க சார். என் தலையெழுத்து, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

கல்லறைத் திருநாள்

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போனேன். தாத்தாவை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறோம். வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அடியில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது என்னோடு லிங்கராஜபுரத்தில் இருக்கிறார், இருமலோடு. மெழுகுவர்த்தி ஏற்றி, மாலை போட்டுவிட்டு, நடக்கிறேன் என்று அவர் ஆசைப்பட்டதால், சுரங்கக் கழிவைக் கொட்டிய பழைய மண்மேட்டுப் பக்கம் மெதுவாகப் போனோம்.

அங்கே பெங்களூர் நம்பர் போட்ட வேன் நின்றிருந்தது. எட்டுப் பத்து பேர், நடுவில் ஒரு இளைஞன் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். இந்தத் தொழிலாளிகள் பூமிக்கு அடியில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள், தங்கத்தின்மேல் அவர்களுக்கு அப்படி ஒரு காதல் என்றான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதோ ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி என்று கை நீட்டினான். எல்லோரும் திரும்பிப் போட்டோ எடுத்தார்கள். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று கொடுத்தார். அவன் நீட்டின கை நான் நீட்டுகிற அதே கைதான், அதே உயரம். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும், ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வேன் போன பிறகு, அவன் என்னவெல்லாம் சொன்னான் என்று அப்பாவிடம் சொன்னேன். பாட்டுப் பாடினீர்களாம் என்றேன். அப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து இருமி முடித்தார். "எங்கிட்ட கேட்டுட்டா சொன்னான்? கேட்டிருந்தா எனக்கு இருமல்தான் வந்திருக்கும். அத அவன் எப்படி இங்கிலீஷ்ல சொல்லுவான்?"

பதினோராவது மாடி

மறுநாள் கம்பெனி புக்கிங்கில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு வைட்ஃபீல்டு போனேன். கீழே செக்யூரிட்டி போனில் கேட்க, மிருணாளுக்கு நான் யாரென்று முதலில் தெரியவில்லை. கதவைத் திறந்தவர் இடுப்பில் குழந்தை. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் அதைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன்.

மிருணாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்லுங்கள் என்றார். முதலில் கன்னடத்தில் சொன்னேன். பிறகு இங்கிலீஷில். மஞ்சளும் நீலமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிங்க் ஷோவுக்கு வைக்கிறது, வாயில் வைக்க வேண்டாம். இதைச் சொல்லப் பத்து வினாடிகூட ஆகவில்லை. மிருணாள் சோபாவில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அந்த அம்மா முகத்தை ஊர் முழுக்கப் போட்டுவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துப் போயிருந்தேன். அந்த வெட்கத்தை அவர்மேலும் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மிருணாள் எழுந்து போனை எடுத்தார். பால்கனிக் கதவைத் திறந்தார். "உங்க முகம் நல்லா தெரியணும். வெளிச்சத்துல வந்து நில்லுங்க."

பார்த்தவர்கள்

கன்னடம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். பொய் சொன்னது நான், அந்த அம்மா இல்லை. முதல் வீடியோவைப் பார்த்த அளவுக்கு இதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், வழக்கமாகக் கை கொடுக்கிறவர்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். எங்கள் தெரு எஸ்தர் ஆன்ட்டி மட்டும் கிட்டே வந்து, கன்னடம் ரொம்ப நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டிவிட்டுப் போனார்.  அன்றைக்குச் சாப்பாட்டில் அப்பா தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

பிரசாத் திங்கட்கிழமை கூப்பிட்டார். திட்டவில்லை. நீயே போய்விட்டதாக இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். நான் எழுத ஆரம்பித்ததும் தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஆண்டனி, அதுலயாவது எதையும் சேர்த்து எழுதாத."

நிற்காத மெஷின்

வேலை போன அன்றே ரத்னம்மாவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான்கு நாள் ஆயிற்று. பஸ்ஸில் போனேன். பட்டறையில் அவர் மட்டும் தனியாக இருந்தார். மற்ற இரண்டு மெஷின்மேலும் சாக்கு போட்டு மூடியிருந்தது. நான் வாசலில் நின்றதைப் பார்த்தார், மெஷினை நிறுத்தவில்லை. இம்தியாஸ் பாய் என்னைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு டீயை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரைச்சலுக்குள் நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதா என்று தெரியாமல் இன்னொரு முறை கேட்டேன். அவர் கட்டையைக் கடைந்து முடித்து, உளியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கட்டையை மாட்டினார்.

டீ ஆறிப் போன பிறகு பேசினார். வீடியோவைப் பார்த்தேன், மிருணாளும் போன் செய்து ரொம்ப அழுதார், எனக்குத்தான் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது என்றார். குழந்தை நன்றாக இருக்கிறதாம் என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் லேசாக உடைந்தது. இத்தனை நாளும் தன்னைத் திட்டினவர்களைவிட அந்தக் குழந்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் முதல் முறையாக என்னை சார் என்று சொல்லாமல், பெயரைச் சொல்லிக் கேட்டார்.  "ஆண்டனி, அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னீங்க, அது பொழப்பு. போன்ல நான் ஒருத்திதானே இருந்தேன், எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

டிரைவர்

பொங்கலுக்கு முன்னால் சிட்டிக் கடைக்காரர் மறுபடி சரக்கு எடுக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். மிருணாள் நேரில் போய்ப் பேசியிருக்கிறார். ரத்னம்மா பிங்க் நிறத்தைக் கிலுகிலுப்பையில் போடுவதை அடியோடு விட்டுவிட்டார். வளையலுக்கும் பூச்சாடிக்கும் மட்டும்தான். பக்கத்து மெஷின் பெண்களில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார். இன்னொருவர் கார்மெண்ட்ஸுக்குப் போனவர் போனவர்தான். அதை எந்த வீடியோவாலும் திருப்ப முடியவில்லை.

எனக்கு வேறொரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. ஜூன் மாதம் அந்த ஊருக்கே ஒரு சவாரி வந்தது. வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாங்காமல், போனால் போகிறது என்று பட்டறைக் கதவோரம் போய் நின்றேன். கைடு என்று யாரும் பேசவில்லை. சட்டையும் நைட்டியுமாக ரத்னம்மா தானே நின்று, கிடைத்த இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். "டுவன்டி சிக்ஸ் ஏஜ் ஐ லேர்ன். கவர்மென்ட் டிரெயினிங்." "திஸ் எல்லோ, பேபி மவுத் ஓகே. திஸ் பிங்க், ஒன்லி லுக்கிங்." எல்லோருக்கும் புரிந்தது. முன்னோர்கள் யாரும் தேவைப்படவில்லை.

ஒரு பெண் எதையோ கேட்டார், வேகமான இங்கிலீஷ். ரத்னம்மாவுக்குப் பிடிபடவில்லை. கதவோரம் நின்ற எனக்குப் புரிந்தது. என்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்து, வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் உதவி கிடைத்த சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பினார். ரத்னம்மாவும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. உளி பிடித்துக் காய்த்துப்போன கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "ஹி ஒன்லி டிரைவர், மேடம். யூ ஆஸ்க் ஸ்லோ ஸ்லோ, ஐ டெல்."

ஒருவர் சொன்னதை அப்படியே இன்னொருவரிடம் சேர்ப்பிக்கிற அந்தச் சின்ன வேலைக்கு எனக்குத் தகுதி இல்லை என்று கண்டுபிடிக்க, மூன்று மொழி தெரிந்த எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.